முட்டை விலையும் இணையவெளிக் காப்பும்

2024 செப்டம்பர் 27 காலை. நாமக்கல் மாவட்டம் வெப்படை அருகே ஒரு கன்டெய்னர் லாரியைக் காவல்துறையினர் துரத்திச் சென்று மடக்கினர். அன்று விடியுமுன் கேரளத்தின் திருச்சூரில் மூன்று ஏ.டி.எம். பொறிகளை எரிவாயு வெட்டியால் அறுத்துப் பணத்தை அள்ளிய கூட்டம் ஒன்று, தான் ஓட்டிய காரையும் அந்த லாரிக்குள்ளேயே ஏற்றி மறைத்துக்கொண்டு நம் சமவெளி வழியே தப்ப முயன்றது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவன் மாண்டான், மற்றவர்கள் பிடிபட்டனர், பணமும் சிக்கியது. அறுபட்ட இரும்பு, தாறுமாறாக ஓடிய வண்டி, கட்டுக்கட்டாய்ப் பணம் என அந்தக் களவில் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன. பொறியைக் காக்க வேண்டியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

அதே சமவெளியில் ஒரு லாரி உரிமையாளரின் வங்கிக் கணக்கு அவருடைய திறன்பேசி வழியாகவே காலியாகும்போது எல்லாம் தலைகீழாகிறது. உடைந்த பொருள் எதுவும் இல்லை. ஓடும் வண்டியும் இல்லை. ‘அந்த எண்ணை ஏன் சொன்னாய்? அந்தச் செயலியை ஏன் இறக்கினாய்?’ என்று வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அவரையே கேட்கின்றனர். கேள்வி முழுவதும் பறிகொடுத்தவர் பக்கமே திரும்பிவிடுகிறது. இணையவெளிப் பாதுகாப்பு என்னும் தொடரை நாம் மிகக் குறுகிய பொருளில் புழங்கிவருவதே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதன் முழுப்பொருளை நம் ஊர்த் தொழில்களின்மேல் வைத்துப் பார்த்தால் இக்குறுக்கம் எவ்வளவு கேடு செய்கிறது என்பது விளங்கும்.

நாட்டின் சட்டம் இத்தொடருக்கு வகுத்துள்ள பொருளே நமக்கு வேண்டுவது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தொடக்கத்தில் அதற்கு இலக்கணம் கூறப்படவில்லை. 2008இல் நிறைவேறி, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமே அதைச் சேர்த்தது. தகவல், கருவிகள், கணினி, கணினி வளம், தொடர்புக் கருவி, அவற்றுள் சேமித்த தகவல் ஆகியவற்றை ஒப்புதலற்ற அணுகல், பயன்பாடு, வெளிப்படுத்தல், இடையூறு, மாற்றம், அழிவு என்னும் ஆறு தீங்குகளிலிருந்தும் காப்பதே இணையவெளிப் பாதுகாப்பு என்கிறது அவ்விலக்கணம்.

இதை ஒருமுறை நின்று படிக்க வேண்டும். பணம் என்னும் சொல் இதில் இல்லை. ஏமாற்று, ஆசை, அறியாமை என்னும் சொற்களும் இல்லை. காக்கப்பட வேண்டியது தகவலும் அதைத் தாங்கும் கருவியும் ஆகும். பணம் பறிபோவது அக்காப்பு தவறியதன் விளைவுகளுள் ஒன்றே.

பொறியாளர்கள் இந்த ஆறு தீங்குகளையும் மூன்று பண்புகளின் இழப்பாகச் சுருக்கிக் காண்பர். உரியவர் மட்டுமே அறிதல் மறைகாப்பு. எழுதியது எழுதியபடியே இருத்தல் திரிபின்மை. வேண்டும் பொழுதில் கைக்கு எட்டுதல் தடையின்மை. கடவுச்சொல்லை வெளியில் சொல்லாதே என்னும் அறிவுரை முதற்பண்பை மட்டுமே தொடுகிறது. ஆனால் சேலம், நாமக்கல் பகுதியின் வாழ்வு பெரிதும் தொங்குவது இரண்டாம் பண்பின்மேல்.

முட்டை விலையையே எடுத்துக்கொள்வோம். 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கான கொள்முதல் விலையை அறிவிக்கிறது. பண்ணையாளர், வணிகர், கேரளத்துக்கு ஏற்றும் லாரிக்காரர், சத்துணவுக்கு வழங்கும் ஒப்பந்தக்காரர் என அனைவரும் அந்த ஓர் எண்ணை நோக்கியே இருக்கின்றனர். அதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் தெரிய வேண்டியதே அதன் பயன். ஆனால் வழியில் எவனோ ஒருவன் அதைத் திருத்திப் பரப்பினால் என்னவாகும்? ஒரு முட்டைக்கு 5 காசு பிசகினால் ஒரு கோடி முட்டைக்கு 5 இலட்சம் ரூபாய் பிசகும். கடவுச்சொல் எதுவும் களவுபோகாமலே, எவரும் எதையும் வெளியில் சொல்லாமலே அந்த இழப்பு நேரும். ஆதலால் மோகனூரிலோ சேந்தமங்கலத்திலோ உள்ள ஒரு பண்ணையாளர் கேட்க வேண்டிய கேள்வி, என் திறன்பேசியில் தெரியும் இந்த எண் அறிவித்தவர் எழுதிய அதே எண்தானா என்பதே.

அறிவியல் இக்கேள்விக்கு விடை கண்டிருக்கிறது. எவ்வளவு நீண்ட செய்தியையும் ஒரு கணிதச் செயல்முறைக்குள் செலுத்தினால், குறித்த நீளமுள்ள ஒரு குறிச்சரம் வெளிப்படும். அச்செய்தியின் விரல்ரேகை என்றே அதைச் சொல்லலாம். இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஷா-256’ என்னும் முறையில் அதன் நீளம் 256 பிட்டுகள். எழுத்தாக்கினால் 64 குறிகள். செய்தியில் ஒரு புள்ளியை நகர்த்தினாலும், 5 என்பதை 6 ஆக்கினாலும், ஏறத்தாழப் பாதிப் பிட்டுகள் புரண்டு முற்றிலும் வேறான சரம் தோன்றும். சரத்திலிருந்து செய்தியை மீட்டெடுக்க இயலாது. அதே சரம் தரும் வேறொரு செய்தியைக் கட்டமைக்கவும் இதுவரை எவராலும் முடியவில்லை. அந்தச் சரத்தை அனுப்புநர் தம் தனித்திறவால் பூட்டி அனுப்புவதே மின்கையொப்பம். அவர் வெளியிட்டுள்ள பொதுத்திறவால் அதை எவரும் சரிபார்க்கலாம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இச்செயல்முறையைப் பெயர் சொல்லியே விளக்கி, மின்கையொப்பத்தால் மின்பதிவை உறுதிப்படுத்த இடம் தருகிறது. சட்டநூலின் நடுவே கணிதம் இப்படித் தலைகாட்டுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டாகிறது.

இக்கணிதத்தின் ஒரு கிளை நாமக்கல்லின் பெயரோடு சேர்ந்தது. 1887இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுசனின் குடும்பம் வழிபட்ட நாமகிரித் தாயாரின் கோயில் நாமக்கல் மலையடியில் உள்ளது. தம் கணித உண்மைகள் அத்தாயின் அருளால் தோன்றுவன என்று அவர் சொல்லிவந்தார். 1916இல் அவர் முன்வைத்த கருதுகோள் ஒன்றை 1974இல் பியர் தெலீன் மெய்ப்பித்தார். அதன் துணையோடு லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் ஆகிய மூவர் 1988இல் முனைகளும் அவற்றிடையே இணைப்புகளும் கொண்ட ஒருவகைக் கோட்டுருக்களை அமைத்து அவற்றுக்கு ‘இராமானுசன் கோட்டுருக்கள்’ என்று பெயரிட்டனர். ஒவ்வொரு முனையிலிருந்தும் சில இணைப்புகளே உண்டு. எனினும் அத்தகைய கோட்டுருவில் நடக்கத் தொடங்குபவர் சில அடிகளிலேயே எங்கு வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். சேர்ந்த இடத்தை மட்டும் அறிந்தவர், வந்த வழியைக் கண்டுபிடிப்பது அரிது. செய்தியின் எழுத்துகளை வழிகாட்டியாகக் கொண்டு இக்கோட்டுருவில் நடந்து, முடிவில் நிற்கும் முனையையே அச்செய்தியின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று சார்ல்ஸ், கோரென், லாட்டர் ஆகியோர் காட்டினர்.

அவர்கள் முன்மொழிந்த இரண்டு வகைகளுள் ஒன்றை 2008இல் தில்லிச், செமோர் என்னும் இருவர் உடைத்தனர். இதைத் தோல்வி என்று கொள்ளலாகாது. முறையை வெளிப்படையாக வைத்து, உடைக்க வல்லோரை அழைத்து, உடைந்ததைக் கைவிட்டு, நின்றதை மட்டும் ஏற்பதே இத்துறையின் வழி. காப்பு முறை பகைவர் கையில் சிக்கினும் கேடு வரலாகாது, திறவு ஒன்றே மறைவாக இருத்தல் போதும் என்று ஆகுஸ்து கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே வகுத்தார். ‘எங்கள் மென்பொருள் எப்படி இயங்குகிறது என்பது எவருக்கும் தெரியாது, ஆகவே கவலை வேண்டா’ என்று விற்க வருபவரை நம் சேகோ ஆலைக்காரரும் விசைத்தறிக்காரரும் ஐயத்தோடு பார்ப்பது நன்று.

இனி முதற்பண்பான மறைகாப்புக்கு வருவோம். லாரித் தொழிலை இது நேரே தாக்கியிருக்கிறது.

சங்ககிரியில் அமர்ந்திருக்கும் உரிமையாளரின் வண்டி குசராத்திலோ ஒடிசாவிலோ ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி விழுகிறது. போக்குவரத்து விதியை மீறியதாக அவருடைய வண்டி எண்ணைக் குறித்துத் தண்டத்தொகை சொல்கிறது; அரசு முத்திரையும் உண்டு; விவரம் காண ஒரு செயலியை நிறுவுமாறு கேட்கிறது. அலுவலகத்தில் இருப்பவர் ஒருவருக்கு வந்திருந்தால் பொய் என்று தள்ளிவிடலாம். ஆனால் தம் வண்டி எங்கோ தண்டம் வாங்கியிருக்கக்கூடும் என்பது இவருக்கு நாள்தோறும் நடக்கும் செய்தி. ஓட்டுநரைக் கேட்கலாம் என்றால் அவர் சக்கரத்தின் பின்னால் இருக்கிறார். இணைப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடிகிறது. அறியா மூலத்திலிருந்து நிறுவ வேண்டாம் என்று திறன்பேசி எச்சரிக்கிறது. வண்டி மறிக்கப்பட்டால் நாள் வாடகை போய்விடுமே என்னும் அச்சம் அந்த எச்சரிக்கையைக் கடந்துபோகச் செய்கிறது. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்கும். இசைவு தந்த நொடி முதல் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அவருக்குத் தெரியுமுன்பே தொலைவில் உள்ள திருடனுக்குப் போய்ச் சேரும். அவருடைய தொடர்பு எண்களுக்கும் அதே செய்தி பரவும்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் சட்டம் சொன்ன ஆறு தீங்குகளில் அணுகல், பயன்பாடு, வெளிப்படுத்தல் ஆகிய மூன்றும் அடங்கிவிட்டன. அவர் எண்ணை எவரிடமும் சொல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இசைவு பெற்ற எந்தச் செயலியும் படிக்கத்தக்க குறுஞ்செய்தியில் பணத்தின் திறவை அனுப்பும் அமைப்பை வகுத்தவர் அவர் அல்லர். குற்றம் திருடனுடையது; குறை அமைப்பினுடையது; இழப்பு மட்டும் இவருடையது. உண்மையான தண்டச்சீட்டை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பார்க்கலாம். அத்தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி.இன்’ என்று முடியும். செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சிட்டுப் பார்ப்பதே வழி. வங்கிகளின் தளங்களுக்கும் இத்தகைய தனி முகவரி வந்துவிட்டது: 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. சரக்குக்கு எடுக்கும் இ-வே பில் தளமும் கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பை 2025 ஏப்ரல் முதல் எல்லா வணிகருக்கும் கட்டாயமாக்கியது. தணிக்கையாளர் அலுவலகத்தில் நால்வருக்குத் தெரிந்த கடவுச்சொல்லை நம்பி இயங்கிய பழைய முறையை ஒப்பிட்டால், இவை பயனுள்ள மாற்றங்கள். அறிவுரையால் வராத காப்பு, அமைப்பைத் திருத்தியதால் வந்தது.

பணம் போனபின் என்ன நிலை? ரிசர்வ் வங்கியின் 2017 சூலை 6 சுற்றறிக்கையைப் பறிகொடுத்த ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். குறை வங்கியினுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. குறை வங்கியினுடையதும் அன்று, வாடிக்கையாளருடையதும் அன்று, இடையில் வேறெங்கோ நேர்ந்தது என்றால், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் முறையிட்டவருக்கும் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாள் ஆனால் கணக்கின் வகைக்கேற்ப ஒரு வரம்புக்குட்பட்ட பொறுப்பே உண்டு. முறையிட்ட பத்து வேலை நாட்களுக்குள் அத்தொகையை வங்கி கணக்கில் வரவு வைத்துக் காட்ட வேண்டும். வாடிக்கையாளரே கடவெண்ணைச் சொல்லிவிட்டார் என்றாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்புதான் அவருடையது. தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியினுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமை வங்கியின் தலைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. ‘நீங்கள் எண்ணைச் சொல்லியிருப்பீர்கள்’ என்று வங்கிக் கிளையில் ஒருவர் வாயால் சொல்லிவிடுவது மெய்ப்பித்தல் ஆகாது.

ஆகவே தெரிவிக்கும் நேரமே எல்லைக்கோடு. 1930 என்னும் எண் இதற்காகவே ஏற்பட்டது. அதை அழைத்ததும் காவல்துறையும் வங்கிகளும் ஒரே மின்னமைப்பில் இணைந்து, பணம் போய்க்கொண்டிருக்கும் கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க முயலும். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை. தரகுக்காகப் பிறர் இரவல் கொடுத்த கணக்குகளில் அதைச் சிறுசிறு கூறாக்கி, அடுத்தடுத்துக் கடத்தி, எங்கோ ஓர் ஊரில் பணமாக எடுத்துவிடுவர். கணக்கை இரவல் தருபவர் பலர் வேலை தேடும் இளைஞர். தம் பெயரில் வழக்கு வந்து நிற்கும்போதுதான் அவர்களுக்கு விளங்குகிறது. திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் கல்லூரி நடத்துவோர் இதை முதலாண்டு மாணவருக்கே சொல்லிவைக்க வேண்டும். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழி ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

மூன்றாம் பண்பான தடையின்மை கெட்டால் வரும் கேட்டின் அளவை 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை கண்டது. பிணைப்பணம் கேட்கும் தீநிரல் அதன் வழங்கிக் கணினிகளைப் பூட்டிவிட, நாடெங்கிலுமிருந்து வந்த நோயாளிகளைத் தாளில் எழுதியே பார்க்க வேண்டியதாயிற்று. அதற்கு ஐந்தாண்டு முன், 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் நிரல் ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கியபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாதிருந்த கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன. விண்டோஸ் 10 மென்பொருளுக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. லாரி புக்கிங் அலுவலகம், தீவன ஆலை, செவ்வாய்ப்பேட்டை வணிகக் கடை ஆகியவற்றில் பட்டியல் போடும் பழங்கணினிகள் எத்தனை இன்னும் அதில் ஓடுகின்றன என்று உரிமையாளர்கள் நாளைக்கே பார்க்க வேண்டும். கணக்கின் படி ஒன்றைக் கணினியோடு பிணைக்காத தனி வட்டில் வாரந்தோறும் எடுத்து வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. 2019 செப்டம்பர் 4 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் சார்ந்த ஒரு கணினியில் தீநிரல் இருப்பதை, 2004 முதல் இயங்கும் ‘செர்ட்-இன்’ என்னும் அரசு அமைப்பு கண்டு தெரிவித்தது. செய்தி பரவியபோது, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை இணையவழி தாக்க இயலாது என்று அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. அது ஆட்சிப் பணிக்கான இணையத் தொடர்புள்ள கணினி என்றும், உலையை இயக்கும் உள்வலையிலிருந்து அது பிரித்தே வைக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் விளக்கியது. அந்தப் பிரிப்பே நம்மைக் காத்தது. ஒரு பணியாளர் தவறுவார் என்பதை முன்னரே எண்ணி, அத்தவறு உலையைத் தொடாதபடி வலையைப் பிரித்துக் கட்டிய பொறியாளரின் முன்னறிவு அது. சேலம் மாவட்டத்திலேயே மேட்டூரில் 1440 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் நிற்கிறது. அதற்கும் அதன் மின்னை ஏந்திச் செல்லும் கட்டமைப்புக்கும் வேண்டிய காப்பும் இதுவே. 2015 டிசம்பரில் உக்ரைனின் மின்பகிர்வு அமைப்புக்குள் ஊடுருவியோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளரை இருளில் தள்ளினர் என்பது பதிவாகியிருக்கும் உண்மை.

கூடங்குளத்தில் அக்கணினியைக் கையாண்ட பணியாளரைப் பழித்துவிட்டு நாடு ஓய்ந்துவிடவில்லை. வலை பிரிந்திருந்ததா என்றே கேட்டது. அதே கேள்வியைச் சங்ககிரி லாரி உரிமையாளர் பொருட்டும் கேட்க வேண்டும் என்கிறேன். மனிதர் தவறுவர், அச்சத்தில், அவசரத்தில், வண்டி மறிபடும் கவலையில் தவறுவர். அத்தவறு வாழ்நாள் சேமிப்பைத் தொடாதபடி அமைப்பைக் கட்டுவதே இணையவெளிப் பாதுகாப்பு. சட்டமும் இப்பக்கமே நகர்ந்து வருகிறது. ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும், இயக்கப் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பணித்தது. தக்க காப்பின்றி மக்களின் தரவைப் பறிகொடுக்கும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டின் மின்னணு வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அழைப்பொலியிலும் சுவரொட்டியிலும் நாம் கேட்டும் பார்த்தும் பழகிய ‘ஏமாறாதீர்கள்’ என்னும் எச்சரிக்கை இந்தக் கடமைகளுக்கு ஈடாகாது.

நாமக்கல்லின் லாரி உரிமையாளர் சங்கங்களும், முட்டை வணிகச் சங்கங்களும், 1981 முதல் சேலத்தில் இயங்கும் சேகோசர்வ் கூட்டுறவும் வலிமை வாய்ந்தவை. டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் நாடே திரும்பிப் பார்க்குமாறு வண்டிகளை நிறுத்தத் தெரிந்த மண் இது. அந்த வலிமையை இதற்கும் திருப்புங்கள். விலை அறிவிப்பை மின்கையொப்பத்தோடு, மாறாத ஒரே முகவரியில் வெளியிடுமாறு கேளுங்கள். குறுஞ்செய்தியை நம்பாத வேறு சரிபார்ப்பை வங்கிகளிடம் கேளுங்கள். 2017 சுற்றறிக்கையின் தமிழ்ப் படியை ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒட்டுங்கள். உறுப்பினர் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்து வந்தால், ஏன் ஏமாந்தாய் என்று கேட்காமல், முதலில் 1930ஐ அழைத்துக் கொடுங்கள்.